தரங்கம்பாடியில் இறங்கியவன்

இன்றைய மனிதர்கள் எப்படியோ பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போய் விழுந்து, திரும்ப வழியில்லாமல் அங்கேயே வாழ்கிற கதைகள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அவற்றை எனக்குக் காட்டியவன் என் பள்ளித் தோழன். காரைக்காலில் இப்போது யாராவது அந்த மாதிரிக் கதைகளைப் பற்றிப் பேசினால் என் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவன் பெயரைச் சொல்வதில்லை. அது எப்படி ஆனது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதால் எதுவும் சரியாகப் போவதில்லை என்றும் தெரியும்.

நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் தலைமுறை தலைமுறையாகக் கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அவன் தலையெடுத்தபோது கப்பலும் இல்லை, வியாபாரமும் இல்லை. இருபத்திரண்டு வயதில் துபாய்க்குப் போனான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் சரக்குப் பெட்டிகளை அடுக்கும் வேலை. நான் விவசாயக் குடும்பம். பிரெஞ்சு படித்து, ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியராகி, தலத்தெருவில் வீடு கட்டிக் குடியேறினேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவன் விடுமுறையில் வருவான். மற்ற நாட்களில் போன்.

அவனோடு தங்கியிருந்த யாரோ விட்டுப்போன ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பழக்கம் தொடங்கியது. போனில் அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தான். பிறகு இணையத்தில் தேடித் தேடிப் படித்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலையிலேயே குரல் பதிவுகள் வந்து விழும்.

"இவனுங்க எல்லாரும் எஞ்சினியரா இருக்கானுங்கடா" என்றான் ஒருநாள். "விழுந்த மறுநாளே ஒருத்தன் துப்பாக்கி செய்யிறான். இன்னொருத்தன் அச்சு மிஷின் போடுறான். ராஜா வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நம்ம நாகப்பட்டினம் பஸ்ஸுல ஏறுற எவனுக்குடா துப்பாக்கி செய்யத் தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பெட்டி அடுக்கத் தெரியும். சரியாம, இடிக்காம, கூரை வரைக்கும் அடுக்குவேன். அதை வச்சு எந்த ராஜாவை மடக்குறது?" சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பதிவு வந்தது. "டேய், நம்ம பஸ்ஸை அங்க விட்டுப் பாத்தா என்ன?"

அந்த யோசனை எனக்கு வந்ததாகப் பின்னாளில் மூன்று கூட்டங்களில் மேடையேறிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரிவாக.

இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தோம். காலை மழையில் காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கிளம்புகிற பேருந்து, வாஞ்சூரைத் தாண்டியதும் சாலையை இழந்து, பிரான்சின் வடமேற்குக் கரையில் சேன் மாலோ என்ற மதில் சூழ்ந்த துறைமுகத்துக்கு வெளியே சேற்றில் போய் நிற்கிறது. முப்பத்தோரு பயணிகள். பிரான்ஸ் என்பது என் தேர்வு. அந்த மொழி எனக்குத் தெரியும், அந்தக் காலத்து விவரங்களைப் படித்துக்கொள்ளலாம். இரவில் மதிலுக்கு வெளியே வேட்டை நாய்களை அவிழ்த்துவிடும் வழக்கம் அந்த ஊரில் இருந்ததைப் படித்திருந்தேன். முதல் அத்தியாயத்தில் நாய்களை விரட்டுவதற்காக ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் பேட்டரி செத்துவிடுகிறது.

ஆளுக்கொரு பயணியை எடுத்துக்கொண்டோம். என் ஆள், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. எங்கள் ஊரில் அப்படிக் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ஓய்வூதியம், அந்த நாட்டுத் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டு. அவர் கோட்டை வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிரெஞ்சு பாஸ்போர்ட்டை நீட்டுகிறார். காவலாளிக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறான். இதை எழுதியபோது எனக்கு என்னைப் பற்றி மிகவும் பெருமையாக இருந்தது.

அவன் எடுத்த ஆள், கைலியும் துண்டும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போகிறவர். "ஏன்டா இந்த ஆளு?" என்றேன். "மூட்டை இருக்குல்ல. மூட்டை இருக்கிறவனை நாலு பேரு கூப்பிடுவான்" என்றான்.

அவனுக்குத் தமிழ் தட்டச்சு வராது. அத்தியாயத்தை வேலைக்கு நடுவிலும் வாயால் சொல்லி அனுப்புவான். பின்னால் வண்டிகள் பின்னோக்கி வரும் சத்தம், யாரோ இந்தியில் கூப்பிடுவது, சில நேரம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு, எல்லாம் கேட்கும். நான் அதை எழுத்தாக்கி, 'சரி செய்து', ஒரு செயலியில் தொடராகப் போடுவேன். கணக்கு என் பெயரில். ஆரம்பத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் இருவர் பெயரும் இருந்தன.

என் அத்தியாயங்களில் எல்லாம் சரியாக இருக்கும். மதிலின் உயரம், துணியின் பெயர், எந்த நோன்புக்கு எந்த மீன் என்பதெல்லாம். அவன் அத்தியாயங்களில் இதெல்லாம் இருக்காது. பட்டினச்சேரியிலிருந்து கூடையோடு ஏறிய மீன்காரப் பெண்ணை அவன் ஒருமுறை எழுதினான். கடற்கரைக் கற்களில் பெரிய பெரிய மீன்களைப் பிளந்து உப்பிட்டுக் காயப்போட்டிருக்கிறார்கள். அவள் பார்க்கிறாள். மேல்பக்கம் காய்ந்துவிட்டது, யாரும் திருப்பவில்லை. உட்கார்ந்து திருப்பத் தொடங்குகிறாள். 'யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. சாயங்காலம் ஒருத்தி ரொட்டி கொடுத்தாள்.' அவ்வளவுதான் அத்தியாயம்.

மூட்டைக்காரர் பாஷை கற்றதையும் எழுதினான். "முதல்ல திட்டுதான்டா புரியும்" என்று பதிவின் நடுவே எனக்கு விளக்கினான். "எந்த ஊருலயும் அப்படித்தான். திட்டு, அப்புறம் 'சீக்கிரம்', அப்புறம் 'நாளைக்கு'. பேரு சொல்லிக் கூப்பிடுறது கடைசியாத்தான் வரும்." அந்த ஊரில் மூட்டைக்காரரை வேலைக்கு வைத்த வணிகன், அவருடைய கைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறான். செத்துப்போன கைபேசி. அதனால் அவனுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் பூட்டி வைக்கிறான். மூட்டைக்காரர் தொழுகையை மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் தேவாலயத்தில் போய்ப் பின்வரிசையில் நிற்கிறார்.

நான் இவற்றில் உவமைகள் சேர்த்தேன். வாக்கியங்களை நீட்டினேன்.

என் மனைவி காலையில் சமைத்துக்கொண்டே அவன் பதிவுகளைக் கேட்பாள். "அதை இன்னொரு தடவை போடுங்க" என்பாள். நான் எழுதிய அத்தியாயங்களையும் படிக்கக் கொடுப்பேன். "நல்லா இருக்கு. நிறைய விஷயம் தெரிஞ்சிக்கிட்டேன்" என்பாள்.

செயலியில் ஒரு வாசகர் பின்னூட்டம் எழுதியிருந்தார். மூட்டைக்காரர் வரும் பகுதிகளை மட்டும் இரண்டு முறை படிப்பதாகவும், மற்றவற்றை ஓட்டிவிடுவதாகவும். அதை இரண்டு நாள் திரும்பத் திரும்பத் திறந்து படித்தேன். அவனிடம் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து, இடம் அடைக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, அத்தியாயத்தின் கீழே பெயர் போடுவதை நிறுத்தினேன். அவன் கவனித்தானா என்று தெரியாது. கேட்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது ஒருநாள் பிற்பகல் என் ஸ்கூட்டரில் தரங்கம்பாடிக்குப் போனோம். அரை மணி நேரத்துப் பயணம். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம்தான். டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, முன்னால் கடல், சுண்டல் விற்பவர்கள். மதில் மேல் உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"இது எப்பக் கட்டுனது?"

"நம்ம கதை நடக்குற நூற்றாண்டுதான். கொஞ்சம் முன்னாடி."

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நம்ம பஸ்ஸு ஆளுங்க அங்க கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கிறப்ப, இது இங்க இருக்கு."

"ஆமா."

"டென்மார்க்லேர்ந்து கப்பலு இங்க வரும்."

"வரும்."

"அப்ப எவனாவது ஒருத்தன் ஊருக்கு வந்துருவான்டா."

 ஐந்து வருடமாக நான் அந்தக் காலத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் கதவு இருந்ததைப் பார்க்கவில்லை. இருந்தும் சொன்னேன்: "வந்து என்ன பண்ணுவான்? இடம்தான் அவன் ஊரு. காலம் அவன் காலம் இல்ல. முன்னூத்தி எழுபது வருஷம் முன்னாடி வந்து இறங்குறான். வீடு இருக்காது, தெரு இருக்காது, தெரிஞ்ச ஒரு மூஞ்சி இருக்காது."

"திரும்பி வர்ற எங்களுக்கு மட்டும் இருக்குதா?" என்றான். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய உம்மா இறந்த சமயம் அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேச்சை மாற்றினேன்.

அவன் திரும்பிப் போய் மூன்று மாதம் கழித்து அந்த அத்தியாயம் வந்தது. பதினொரு குரல் பதிவுகள். மூட்டைக்காரர் சேன் மாலோவிலிருந்து சரக்குப் படகில் ஒளிந்து வடக்கே போகிறார். கோபன்ஹேகனில் ஒரு கப்பலில் ஆள் எடுக்கிறார்கள். எங்கே போகிறது என்று கேட்கிறார். சொல்கிற பெயர் அவர்கள் வாயில் கோணலாக வருகிறது. ஆனாலும் அவருக்குப் புரிகிறது. துணி மடிக்கத் தெரிந்த கை. கப்பல் பாய் மடிக்கிற வேலை கொடுக்கிறார்கள். வழியில் பாதிப் பேர் சாகிறார்கள். ஒரு விடியலில் கப்பல் கரைக்கு அப்பால் நிற்கிறது. கட்டுமரங்கள் வருகின்றன. அதில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து "தள்ளிப் போடா" என்கிறான். சேன் மாலோவை விட்ட பின் இரண்டு வருடத்தில் காதில் விழுந்த முதல் தமிழ். மூட்டைக்காரர் பாயைப் பிடித்துக்கொண்டே நின்றுவிடுகிறார்.

இறங்கித் தெற்கே நடக்கிறார். நண்டலாற்றைக் கடக்கிறார். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து அடி வைத்து அளந்து, தன் தெரு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய் நிற்கிறார். மணல். தாழம்புதர். நாலைந்து குடிசைகள். ஒரு பெண் வெளியே வந்து கேட்கிறாள்.

"எந்த ஊரு நீங்க?"

"இந்த ஊருதான்."

"நான் உங்களைப் பாத்ததே இல்லையே."

தண்ணி கேட்கிறார். கொடுக்கிறாள். குடித்துவிட்டு, அவள் கேட்காமலேயே சொல்கிறார்: "நாளைக்குப் போயிருவேன்."

பதினோராவது பதிவு அத்துடன் முடிந்தது. கடைசி ஐந்து வினாடி கிடங்கின் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். "இதுல ஒண்ணும் மாத்தாதீங்க" என்றாள்.

நான் அவனுக்கு இரண்டு நாள் பதில் போடவில்லை. பொறாமையில் மனிதனுக்கு வயிறு எரியும் என்று எழுதுவார்கள். எனக்கு எரியவில்லை. குளிர்ந்துபோயிற்று. மிகத் தெளிவாக யோசிக்க முடிந்தது. அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்தேன். ஒரு விவரம் கிடைத்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் பல ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலே வரவில்லை. எங்கள் கதை நடப்பது சரியாக அந்த ஆண்டுகளில்.

அவனுக்கு எழுதினேன்: 'ரொம்ப நல்லா இருக்கு. ஆனா லாஜிக் இடிக்குது. நம்ம கதை நடக்குற வருஷங்கள்ல அங்கேர்ந்து ஒரு கப்பலும் இங்க வரலை. கோட்டையில இருந்தவங்களை அவங்க நாடே மறந்துடுச்சு. படிச்சவங்க யாராவது பாத்தா சிரிப்பாங்க. இதைப் போட முடியாதுடா.'

மதிய இடைவேளையில் பதில் வந்தது. "அப்படியா. அப்ப கோட்டைல இருந்தவங்க என்னடா பண்ணாங்க? கப்பலு வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தாங்களா?" பிறகு, "சரிடா. நீ படிச்சவன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். விட்டுரு."

அதற்குப் பிறகு அவன் அனுப்பும் அத்தியாயங்கள் குறைந்தன. வேலை அதிகம் என்றான். நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு வருடம் கழிந்து, சென்னையில் ஒரு சிறு பதிப்பாளர் தொடரைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். புத்தகமாகப் போடலாம், ஆனால் இரண்டு குரலில் இருக்கிறது, ஒரே குரலாக ஆக்க முடியுமா என்று கேட்டார். முடிவு சரியாக இல்லை என்றும் சொன்னார். யாராவது ஊருக்குத் திரும்ப வேண்டாமா என்றார்.

அவர் கேட்டபோது அவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். போனைப் பிடித்திருந்த கை நன்றாக நினைவிருக்கிறது. "அதுக்கு என்கிட்ட ஒரு முடிவு இருக்கு சார்" என்றேன்.

கதை நடக்கும் ஆண்டை முன்னால் நகர்த்தினேன், கப்பல்கள் வந்துகொண்டிருந்த ஆண்டுகளுக்கு. அவனுக்குத் தடையாக வைத்த கல்லை எனக்காக எடுத்துப் போட ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. கோபன்ஹேகனில் கப்பலேறுவது என் சொல்தா. தரங்கம்பாடியில் இறங்குவதும், நண்டலாற்றைக் கடப்பதும், அடி வைத்து அளப்பதும் அவரே. ஊர் இருக்க வேண்டிய மணலில் மண்டியிட்டு, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முகத்தில் வைத்து, ஒன்றரைப் பக்கம் அழுகிறார். எழுதும்போது நானும் அழுதேன். அந்த அழுகை உண்மையானது என்று அன்று நினைத்தேன்.

இரண்டு பேர் திரும்ப முடியாது. மூட்டைக்காரரை சேன் மாலோவில் காய்ச்சலில் சாகவிட்டேன். ஒரு பத்தியில்.

புத்தகம் வரப்போவதை அவனிடம் சொன்னேன். "நம்ம கதை புத்தகமா வருதுடா."

"மாஷா அல்லாஹ்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "என் ஆளு இருக்கானா அதுல?"

"இருக்கான்" என்றேன். பொய் இல்லை.

வெளியீட்டு விழா காரைக்காலிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. அவனுடைய அக்காவை, அவன் 'லாத்தா' என்று கூப்பிடுகிறவரை, நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். அவன் சொல்லி அனுப்பி அவர் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி பேரு எங்க போட்டிருக்கீங்க? கண்ணாடி கொண்டுவரலை."

"உள்ள இருக்கு லாத்தா."

"அவன் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். எந்தப் பக்கம்?"

நன்றி சொல்லும் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பத்தொன்பது பெயர்களில் பதினான்காவது. அவர் விரலை வைத்துத் தேடினார். நான் பெயரைத் தொட்டுக் காட்டும் முன் யாரோ கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று நானும் மனைவியும் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அவரு எப்பப் படிப்பாரு?" என்று மட்டும் கேட்டாள். நான் சாவியைத் தேடினேன்.

துபாய்க்குப் போகும் யாரிடமோ புத்தகம் கொடுத்தனுப்பப்பட்டது. அதற்குப் பின் வெள்ளிக்கிழமைகளில் எதுவும் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளை அவன் பார்த்ததற்கான நீலக் குறி விழும். அவ்வளவுதான். அவன் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நான் தற்காத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். எழுதியது யார், படித்துத் தேடியது யார், ஐந்து வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தது யார் என்று வரிசையாக மனதில் வைத்திருந்தேன். அவற்றைச் சொல்ல அவன் எனக்கு வாய்ப்பே தரவில்லை.

அரை வருடம் கழித்து அவன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். கிடங்கில் ஆள் குறைத்துவிட்டார்களாம். இதையும் வேறு யாரோதான் சொன்னார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவன் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நான் வேடிக்கைக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் இருந்தது முகம். அவன் மனைவி டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார். பயணம் எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், என்றெல்லாம் பேசினோம். மேசையில் ஒரு செய்தித்தாளுக்கு அடியில் என் புத்தகத்தின் முதுகு தெரிந்தது.

"படிச்சியா?" என்றேன். என் வாயில் 'நீ'தான் வந்தது. அது அந்த அறையில் அசிங்கமாகக் கேட்டது.

"படிச்சேன்."

"அந்த முடிவு... பதிப்பாளர் கேட்டாரு. அப்ப எனக்கு..."

"நல்ல தாளுல போட்டிருக்காங்க" என்றான். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கோபமே இல்லாமல், கிடங்கில் சரக்கு ஒன்று இடம் மாறி இருப்பதைச் சொல்வதுபோல் சொன்னான். "ஒண்ணே ஒண்ணு. அழ வச்சிருக்கீங்க. அவன் அழ மாட்டான்ங்க."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"ஊருக்கு வந்து எறங்குறவன் அழ மாட்டான். அழுறதுக்கு அவனை யாராவது தெரிஞ்சிருக்கணும். தெரியாதவங்க முன்னாடி நின்னு என்னத்த அழுவுறது? தண்ணிதான் கேப்பான்." டம்ளரைக் கீழே வைத்தான். "அதைத்தான் நான் சொல்லியிருந்தேன். உங்களுக்கு அது பிடிக்கலை போல."

அடுத்த பதிப்பில் அவன் பெயரையும் அட்டையில் போடச் சொல்கிறேன் என்றேன். அவன் கையை லேசாக அசைத்தான். "அதெல்லாம் வேணாங்க." அதில் ரோஷமும் தெரியவில்லை, பெருந்தன்மையும் தெரியவில்லை. இன்னொரு சமோசா வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற 'வேணாங்க'. நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்தான். நானும் எழுந்தேன்.

அடுத்த பதிப்பு வரவும் இல்லை. புத்தகத்துக்கு இரண்டு மதிப்புரைகள் வந்தன. ஒன்று, கடைசி அத்தியாயம் செயற்கையாக இருக்கிறது என்றது. மற்றது, கடைசி அத்தியாயத்தில் வரும் அழுகையைப் பாராட்டியது. பாராட்டியவர் எனக்குத் தெரிந்தவர்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் என் பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்தது. அந்தப் பதினொரு பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை. சரிசெய்யக் கொடுத்த கடைக்காரர் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ஒன்றும் மீளவில்லை என்றார். அவனிடம் இருக்குமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. மேலே அந்த அத்தியாயம் என்று எழுதியிருப்பது நினைவிலிருந்து எழுதியது. 'பாயைப் பிடித்துக்கொண்டே நின்றுவிடுகிறார்' என்று அவன் சொன்னானா, நான் சேர்த்ததா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் மனைவியைக் கேட்டேன். "அவரு குரல்லதான் ஞாபகம் இருக்கு. வார்த்தையா இல்ல" என்றாள்.

அவன் இப்போது உறவினர் ஒருவருடைய இரும்புக்கடையில் சரக்குப் பொறுப்பு பார்க்கிறான். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிப்பான். கதைகள் படிப்பதில்லை என்று கேள்வி. நானும் அந்த மாதிரிக் கதைகளைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். எதைத் திறந்தாலும் யாராவது ஒருவன் எங்காவது வந்து இறங்குகிறான். அங்கேயே மூடி வைத்துவிடுகிறேன்.

போன வருடம் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை லாத்தா மகன் கொண்டுவந்து கொடுத்தான். உறையில் என் பெயருக்கு முன் 'உயர்திரு', பின்னால் 'குடும்பத்துடன்'. நானும் மனைவியும் போனோம். கூட்டம் நிறைய. பந்தியில் எங்களை மூன்றாவது வரிசையில் யாரோ உட்கார வைத்தார்கள். பாதிச் சாப்பாட்டில் அவன் வந்தான், வெள்ளைச் சட்டையில், வியர்வையோடு, ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு. என் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டான்.

"நல்லாச் சாப்பிடுங்க. கறி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா?"

"போதும்" என்றேன்.

"இல்ல, வைங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தான். தட்டில் விழுந்ததை நான் சாப்பிட்டு முடித்தேன்.